தேக்கம்பட்டி மளிகைக்கடைப் பாட்டி



கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டி 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி காலமானார். இயற்கை விவசாயி, பத்மஸ்ரீ விருது பெற்றவர், நூறு வயதைக் கடந்தும் வயலில் இறங்கி வேலை செய்தவர் என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. பிரதமரும் முதலமைச்சரும் இரங்கல் தெரிவித்தார்கள். எல்லாம் தகுந்த மரியாதைதான். ஆனால் அந்தச் செய்திகளின் நடுவே ஒரு சிறு வரி இருந்தது. மற்றவர்கள் படித்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பார்கள். மளிகைக்காரர்களாகிய நம்மால் அப்படித் தாண்ட முடியாது. பாப்பம்மாள் தம் பாட்டியிடமிருந்து ஒரு மளிகைக் கடையைப் பெற்று நடத்தியவர். அந்தக் கடையின் லாபத்தில்தான் நிலமே வாங்கினார்.

அதாவது நாடு முழுவதும் விவசாயி என்று போற்றிய அந்த அம்மையார், அதற்கு முன்பே நம்மில் ஒருவர். நம் சங்கப் பத்திரிகையில் அவருக்கு இடம் உண்டு. ஜவ்வாது மலை அடிவாரத்தில் மொத்த வியாபாரம் செய்து, மலைமேல் உள்ள சின்னக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றி அனுப்பும் நமக்கு அவருடைய வாழ்க்கை புதிதாகவும் தெரியவில்லை. மலைக் கிராமங்களில் அப்படிப்பட்ட பாட்டிகளைக் கண்டே நாம் வியாபாரம் செய்திருக்கிறோம்.

கடை வந்த வழி

பாப்பம்மாள் 1914-இல் தேவலாபுரம் என்ற ஊரில் பிறந்தவர். இளம் வயதிலேயே தாயையும் தகப்பனாரையும் இழந்தார். அவரையும் உடன் பிறந்த சகோதரிகள் இருவரையும் தேக்கம்பட்டியில் இருந்த தகப்பனாரைப் பெற்ற பாட்டி எடுத்து வளர்த்தார். அந்தப் பாட்டிக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. பெற்றோர் இல்லாத மூன்று பெண் குழந்தைகளுக்கும் சோறு போட்டது அந்தக் கடைதான் என்று சொன்னால் மிகையாகாது. பாட்டிக்குப் பிறகு கடை பேத்தியின் கைக்கு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் கடைகளின் பெயர்ப் பலகையைப் பார்த்தால் 'அன்ட் சன்ஸ்' என்று இருக்கும், 'பிரதர்ஸ்' என்று இருக்கும். தகப்பனிடமிருந்து மகனுக்குக் கடை வருவதுதான் வழக்கம் என்று நாம் எண்ணிக் கொண்டிருக்கிறோம். தேக்கம்பட்டியில் அந்தக் காலத்திலேயே பாட்டியிடமிருந்து பேத்திக்குக் கடை வந்திருக்கிறது. அதை யாரும் புதுமை என்று பேசியதாகத் தெரியவில்லை. கடையைத் திறக்க ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் இருந்தார், அவ்வளவுதான்.

கடையோடு பாப்பம்மாள் ஒரு சிறு சாப்பாட்டுக் கடையும் தொடங்கினார். தொழில் தெரிந்தவர்களுக்கு இதன் சூட்சுமம் விளங்கும். மளிகைக் கடையில் பாதி வியாபாரம் பற்று. இன்று கொடுத்த சரக்குக்கு அறுவடை முடிந்து பணம் வரும், கூலி வாங்கி வரும், சிலரிடமிருந்து வராமலும் போகும். சாப்பாட்டுக் கடையில் இலையை எடுக்கும்போதே காசு. அன்றாடம் புரளுகிற அந்தக் காசு, மளிகைக் கடையின் முடக்கத்தைத் தாங்கும். அதோடு மூட்டை அடியில் தங்கும் பருப்பும் குருணை அரிசியும் வீணாகாமல் அடுப்புக்குப் போகும். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். அளந்து போடத் தெரிந்தவர்கள் மட்டுமே இந்த இரண்டு கடைகளையும் ஒன்றாக நடத்த முடியும். கல்லாப்பெட்டி ஒன்றாகிவிட்டால், எதில் லாபம், எதில் நட்டம் என்று ஒரு வருடத்துக்குள் தெரியாமல் போய்விடும்.

இரண்டிலும் சேர்த்த காசைக் கொண்டு அவர் ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம் வாங்கினார். சோளமும் பயறு வகைகளும் காய்கனிகளும் பயிரிட்டார். கடையில் சம்பாதித்தது நிலத்துக்குப் போயிற்று, நிலத்தில் விளைந்தது வீட்டுக்கும் ஊருக்கும் வந்தது. முதுமையில் இரண்டரை ஏக்கரை வைத்துக்கொண்டு, இரசாயன உரம் இல்லாமல் வாழையும் காய்கறியும் விளைவித்தார். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கூட்டங்களுக்குப் பல ஆண்டுகள் போய்வந்தார். படித்தவர்கள் சொல்வதைக் கேட்பதோடு நில்லாமல், தம் அனுபவத்தையும் எடுத்துச் சொன்னார்.

பொதுவாழ்விலும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. 1959-இல் தேக்கம்பட்டி ஊராட்சியின் வார்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு காரமடை ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலராகவும் இருந்தார். ஊரில் கடை வைத்திருப்பவருக்கு ஊர் நடப்பு முழுவதும் தெரியும். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது முதலில் தெரிவது மளிகைக்காரருக்குத்தான். ஓட்டுக் கேட்க அவர் புதிதாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்திருக்காது.

ஓர் ஆயுளுக்குள் எத்தனை கணக்கு

1914-இல் பிறந்து 2024 வரை ஒருவர் வாழ்ந்தார் என்றால், வியாபாரிகளாகிய நமக்கு அது வெறும் வயதுக் கணக்கு அல்ல. அந்த ஓர் ஆயுளுக்குள் நம் தொழில் எத்தனை முறை தலைகீழாக மாறியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அவர் பிறந்த காலத்தில் ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஓர் அணாவுக்குப் பன்னிரண்டு பை. எடைக்குப் பலம், வீசை, மணங்கு. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்று சின்னப் பிள்ளைகளும் வாய்ப்பாடு சொல்வார்கள். அரிசி பருப்பைப் படியாலும் ஆழாக்காலும் அளந்தார்கள். 1939-இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது. அதுவரை கணக்கு எழுதாத வியாபாரியும் அதன்பின் நோட்டு வாங்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. அதன் நடுவில் பங்கீடு வந்தது, தட்டுப்பாடு வந்தது.

1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று ஆனது. அணாவில் கணக்குப் போட்டுப் பழகிய வாடிக்கையாளரிடம் நயா பைசாவில் பாக்கி கொடுக்கக் கடைக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. அடுத்த ஆண்டிலிருந்து கிலோ கணக்கு படிப்படியாக வந்தது. வீசைக் கல்லை ஒதுக்கிவிட்டுப் புது எடைக்கல் வாங்கினோம். 1959-இல் விற்பனை வரிக்குப் புதுச் சட்டம். 2007 ஜனவரியில் தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி. 2016 நவம்பர் 8 இரவில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. 2020-இல் கொரோனா ஊரடங்கில் ஊரே கதவடைத்தபோது, மளிகைக் கடை மட்டும் திறந்திருக்க வேண்டும் என்று அரசாங்கமே சொன்னது. இன்று கீரை விற்கும் அம்மாவும் செல்போன் அட்டையை நீட்டிப் பணம் வாங்குகிறார்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு பெண்மணி, பெற்றோர் இல்லாமல், பெரிய முதல் இல்லாமல், ஒரு கிராமத்துக் கடையை வைத்துத் தலைநிமிர்ந்து வாழ்ந்தார். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது வயது 105 என்று எழுதினார்கள். பத்திரிகைக்காரர்கள் தேடிப் போய், என்ன சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்றெல்லாம் விசாரித்தார்கள். அந்தக் கடைக்கு எங்கிருந்து சரக்கு வந்தது, பற்று வரவை எப்படிச் சமாளித்தார், முதல் ஏக்கர் வாங்க எத்தனை வருடம் சேர்த்தார் என்பதை யாராவது ஒரு வியாபாரி போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்டு எழுதி வைத்திருந்தால், நம் பிள்ளைகளுக்கு அது ஒரு பாடப்புத்தகமாக இருந்திருக்கும்.

அதே 2021 பத்மஸ்ரீ பட்டியலில் இன்னொரு மூதாட்டியின் பெயரும் இருந்தது. ஜஸ்வந்திபென் பொபட். நம் கடைகளில் சரமாகத் தொங்கும் லிஜ்ஜத் அப்பளத்தைத் தொடங்கிய பெண்களில் ஒருவர். 1959-இல், பாப்பம்மாள் ஊராட்சி உறுப்பினரான அதே ஆண்டில், பம்பாயில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி ஒரு மாடியில் அப்பளம் இட்டுக் காயவைத்தார்கள். இன்று நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அந்த நிறுவனத்தில் பங்காளிகள். ஒருவர் பொருளைச் செய்தார், ஒருவர் கடையில் விற்றார். இருவருமே படிப்பையும் பண பலத்தையும் வைத்து முன்னேறியவர்கள் அல்லர்.

நம் மலையின் ஆயா கடைகள்

திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது நம் ஜவ்வாது மலை. சாமையும் புளியும் தேனும் பலாவும் கடுக்காயும் அங்கிருந்து இறங்குகின்றன. உப்பும் மிளகாயும் பருப்பும் எண்ணெயும் சோப்பும் இங்கிருந்து ஏறுகின்றன. சாமையைக் கொடுத்து உப்பை வாங்கிப் போன பண்டமாற்றுக் காலத்தைப் பற்றி நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பணம் வந்த பிறகும் மலையின் கணக்கு மாதக் கணக்கு அல்ல, வெள்ளாமைக் கணக்கு. சாமை அறுப்பு முடிந்தால் ஒரு வரவு, மாசி பங்குனியில் புளி உலுக்கினால் ஒரு வரவு. நடுவில் உள்ள மாதங்களைத் தாங்கி நின்றவை அங்குள்ள சின்னக் கடைகள்.

அந்தக் கடைகளில் பல, ஊர் வழக்கில் 'ஆயா கடை'தான். கடைக்குப் பெயர் இருக்காது, பலகை இருக்காது. வீட்டுத் திண்ணையில் நாலு டப்பா, ஒரு தராசு, ஒரு சாக்கு. ஆண்கள் கொல்லைக்கோ கூலி வேலைக்கோ வெளியூருக்கோ போய்விட, கடையைப் பார்த்துக்கொள்வது வீட்டில் மூத்த அம்மாதான். மொத்தக் கடைக்காரர்களாகிய நாம் பேரேட்டில் மகன் பெயரை எழுதி வைத்திருப்போம். சரக்குக்குச் சொல்லி அனுப்புவதும், விலையைப் பேசுவதும், பாக்கியைத் தீர்ப்பதும் அந்த ஆயாவாக இருப்பார்.

அப்படி ஓர் ஆயாவை நமக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாது. யாருக்கு எவ்வளவு பற்று என்பதைச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இடம், ஐந்து கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளையடிக்கும் முன் கணக்கைத் தீர்த்துவிட வேண்டும் என்பது அந்த ஊரில் எழுதாத சட்டம். அதனால் தை பிறந்தால் நம் பாக்கியும் தவறாமல் வந்துவிடும். ஒரு வருடம் மழை பொய்த்து வெள்ளாமை போனது. "இந்த வருசம் எங்க ஊருல யாரும் சுவத்துக்கு வெள்ளையடிக்கல ஐயா. அடுத்த வருசம் சேத்து அடிப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். அடுத்த தையில் இரண்டு வருடப் பாக்கியும் வந்தது. அவர் காலமான பிறகு பேரன் வந்து, ஆயா சொல்லிவிட்டுப் போன தொகை இவ்வளவு என்று எண்ணி வைத்தான். நம் பேரேட்டைப் புரட்டிப் பார்த்தோம். ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை.

தேக்கம்பட்டி நீலகிரியின் அடிவாரம். கோயில் யானைகளுக்கு முகாம் நடந்த பவானிக் கரை ஊர் என்றால் பலருக்கும் நினைவுக்கு வரும். மலையும் பேச்சு வழக்கும் வேறு. ஆனால் அங்கே மளிகைக் கடை நடத்திய பாட்டிக்கும், இங்கே கரிக்கோடு போட்ட ஆயாவுக்கும் தொழில் ஒன்றுதான். முன்னவர் பெயர் நாட்டுக்குத் தெரிந்தது. பின்னவர் பெயர் நம் பேரேட்டில்கூட இல்லை.

இப்போது மலையில் நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. பழங்குடி உழவர்கள் சேர்ந்து உற்பத்தியாளர் நிறுவனம் அமைத்திருக்கிறார்கள். சாமையை அரிசியாக்கிப் பையில் அடைத்து விற்கிறார்கள். 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடிய பிறகு, நகரத்து மக்கள் சாமையைக் கேட்டு வாங்குகிறார்கள். இந்த நல்ல காலம் வரும்வரை அந்தச் சமூகத்தைப் பட்டினி இல்லாமல் தாங்கியதில் ஆயா கடைகளுக்கும் பங்கு உண்டு என்பதை மறக்கலாகாது.

பெயர் எழுதி வைப்போம்

இதுவரை சொன்னது நன்றிக்காக. இனிச் சொல்வது காரியத்துக்காக.

ஒரு குடும்பத்தின் மூத்த அம்மா போய்விட்டால் துக்கம் ஒரு பக்கம், குழப்பம் ஒரு பக்கம். கடையை நடத்தியது அவர், உரிமம் இருப்பதோ என்றோ காலமான கணவர் பெயரில். அல்லது எல்லாம் அவர் பெயரிலேயே இருக்கும், பிள்ளைகளுக்கு எது எங்கே என்று தெரியாது. வியாபாரம் ஒரு மாதம் நின்றால் வாடிக்கை பக்கத்துக் கடைக்குப் போய்விடும். ஆகவே அவர் இருக்கும்போதே சிலவற்றைச் செய்து வைப்பது நல்லது.

முதலாவது, கடையை உண்மையில் நடத்துபவர் பெயரில் உரிமமும் பதிவும் இருக்கட்டும். தனி உரிமையாளர் காலமானால் அவருடைய ஜி.எஸ்.டி. பதிவிலேயே வாரிசு வியாபாரத்தைத் தொடர முடியாது. வாரிசு தம் பெயரில் புதுப் பதிவு எடுத்து, மீதமுள்ள உள்ளீட்டு வரியை ஐ.டி.சி.-02 படிவம் மூலம் மாற்றிக்கொள்ள வேண்டும். தெரியாமல் பழைய எண்ணிலேயே பில் போட்டால் பின்னால் தொல்லை.

இரண்டாவது, வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆனால் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் ஆள்தான். சொத்து யாருக்கு என்பதை உயிலோ வாரிசு உரிமையோதான் தீர்மானிக்கும்.

மூன்றாவது, உயில். இது பெண்களுக்கு மிக முக்கியம். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் சொத்து முழுக்க அவளுடையதே என்று ஆக்கியது. 1989-இல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு வந்தது, 2005-இல் நாடு முழுவதும் வந்தது. ஆனால் கணவரும் பிள்ளைகளும் இல்லாத ஒரு பெண் உயில் எழுதாமல் காலமானால், அவள் தானே உழைத்துச் சம்பாதித்த சொத்தும் முதலில் கணவருடைய வாரிசுகளுக்கே போகும். தன்னை வளர்த்த பாட்டி வீட்டாருக்கோ, தான் தூக்கி வளர்த்த சகோதரி பிள்ளைக்கோ கொடுக்க வேண்டும் என்று நினைத்தால், எழுதி வைத்தால்தான் நடக்கும். இதைப் பேசுவது அபசகுனம் என்று நினைக்க வேண்டாம். வருடா வருடம் இருப்புக் கணக்கு எடுக்கும் நாம், இதற்குக் கூச்சப்படலாமா?

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

பாப்பம்மாள் பாட்டிக்கு 2024 செப்டம்பர் 17-இல், அவர் சார்ந்திருந்த தி.மு.க. பெரியார் விருது வழங்கியது. உடல்நலம் இடம் தராததால் அவரால் சென்னைக்கு வர முடியவில்லை, அவர் சார்பில் குடும்பத்தார் பெற்றுக்கொண்டார்கள். பத்தாவது நாள் அவர் மறைந்தார். கட்சி விருதும் மத்திய அரசின் விருதும் அவர் கண் மூடுமுன் வந்து சேர்ந்தன. வணிகர் சமுதாயத்திலிருந்து ஒரு பொன்னாடை போயிருக்க வேண்டும். போனதாக நாம் கேள்விப்படவில்லை.

வணிகர்களுக்கென்று 1989-இல் தமிழக அரசு நல வாரியம் அமைத்தது. மே 5-ஐ வணிகர் தினமாகக் கொண்டாடுகிறோம். நம் வட்டாரத்தில் மலைமேலும் அடிவாரத்திலும் திண்ணைக் கடை நடத்தும் மூத்த பெண்களில் எத்தனை பேர் நல வாரியத்தில் உறுப்பினர்? எத்தனை பேர் நம் சங்கத்தில் உறுப்பினர்? மொத்த வியாபாரிகள் ஒவ்வொருவரும் தங்கள் பேரேட்டை எடுத்து, பெயர் எழுதியிருக்கும் ஆணுக்குப் பதில் உண்மையில் கடையில் உட்காரும் பெண் யார் என்று விசாரித்து, அவர் பெயரையும் எழுதுங்கள். அந்தப் பட்டியலைச் சங்கத்திடம் கொடுங்கள். உறுப்பினர் படிவத்தை நிரப்பவும், வாரியத்தில் பதியவும் அவர்களுக்கு உதவி செய்ய நாம் ஓர் ஆளை அமர்த்தலாம். அடுத்த வணிகர் தினத்தில் அவர்களில் மூத்தவரை அழைத்து மேடையில் அமர வைக்கலாம். மலையிலிருந்து இறங்கி வர வண்டிச் செலவை நம் கடை ஏற்றுக்கொள்ளும்.

அப்படி வருபவரிடம், தேக்கம்பட்டிப் பாட்டியிடம் யாரும் கேட்காமல் விட்ட கேள்விகளைக் கேட்போம். முதல் மூட்டை எங்கே வாங்கினீர்கள் ஆயா, என்ன விலைக்கு வாங்கினீர்கள், பாக்கி வைத்தவனை எப்படி வசூல் செய்தீர்கள் என்று கேட்போம். அவர் சொல்வதைச் சொன்னபடியே இந்தப் பத்திரிகையில் அச்சிடுவோம். வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்க எண்ணியிருக்கிறோம். உறுப்பினர்கள் திரளாக வந்து ஆதரிக்க வேண்டுகிறோம்.